தோற்கும் அணியைத் தொடர்ந்தவர்கள்

1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்தாம்ட்டன் என்னும் ஊரிலுள்ள ஸ்மித் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் மாணவியர் இரு அணிகளாகப் பிரிந்து கூடைப்பந்து ஆடினர். முதலாண்டு மாணவியர் ஒருபுறம். இரண்டாம் ஆண்டு மாணவியர் மறுபுறம். ஆடவர் எவரும் நுழையாதவாறு கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. சுற்றிலும் நெருக்கியடித்து நின்று, தத்தம் வகுப்பின் நிறத்தைக் காட்டி ஆரவாரித்தவர் அனைவரும் பெண்களே. தொடக்கத்தில் பந்தை மேலே எறிந்தபோதே ஒரு மாணவிக்குத் தோள் மூட்டு பிசகிற்று. ஆட்டம் நிற்கவில்லை. 5க்கு 4 என்னும் கணக்கில் இரண்டாம் ஆண்டு மாணவியர் வென்றனர்.

அந்த ஆட்டத்தை அங்கு அறிமுகப்படுத்தியவர் செண்டா பெரன்சன் என்னும் உடற்பயிற்சி ஆசிரியை. 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நைசுமித் ஆடவருக்கென அமைத்த புதிய ஆட்டத்தைப் பற்றி அறிந்து, அதனைத் தம் மாணவியருக்கேற்ப மாற்றியவர் அவர். களத்தை மூன்று பகுதிகளாக வகுத்து, ஒவ்வொருத்தியும் தன் பகுதிக்குள்ளேயே ஆடவேண்டும் என்றார். பிறர் கைப்பந்தைப் பறித்தலாகாது. மூன்று நொடிக்கு மேல் பந்தை வைத்திருத்தலும் ஆகாது என்றார். நம் பள்ளித் திடல்களில் சிறுமியர் ஆடும் வலைப்பந்தாட்டம் இதற்கு நெருங்கிய உறவு. கூடைப்பந்து 1890களில் இங்கிலாந்தின் பெண்கள் கல்லூரியொன்றில் புகுந்து, உருமாறி, பிரித்தானிய ஆட்சியோடு மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது. மூன்றாகப் பிரிந்து கிடக்கும் வலைப்பந்துக் களத்தைப் பார்ப்போர்க்கு அவ்வுறவு எளிதில் விளங்கும்.

விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் ஆடியவரை எழுதுவர், ஆடுவித்தவரையும் எழுதுவர். பார்த்தவரை எழுதுவதில்லை. பெண்களின் தொழில்முறைக் கூடைப்பந்தைப் பொறுத்தவரை அது பெருங்குறையாகும். அதன் நூற்றாண்டுக் கதையில் யார் பார்க்கலாம், யார் பார்க்க வந்தனர், எவ்வளவு தொலைவு நடந்து வந்தனர் என்னும் வினாக்களே ஆட்டத்தின் உயிரைத் தீர்மானித்திருக்கின்றன. வெல்லும் அணிக்கு இரசிகர் சேர்வது இயல்பு. தோற்கும் அணிக்கு, அதுவும் நாளை இருக்குமோ இராதோ என்னும் ஐயத்திலிருக்கும் அணிக்குத் தம் மாலைப்பொழுதையும் பொருளையும் கொடுத்தவர் யாவர் என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்மித் கல்லூரியில் அடைக்கப்பட்ட கதவு நெடுங்காலம் திறக்கவில்லை எனலாம். 1896 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவியரும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மாணவியரும் சான் ஃபிரான்சிஸ்கோவில் மோதியபோதும் ஆடவருக்கு இடமில்லை. ஸ்டான்ஃபோர்டு 2க்கு 1 என வென்ற அந்த ஆட்டத்தைப் பல நூறு பெண்கள் கண்டனர். ஆனால் போட்டி மனப்பான்மை பெண்மைக்கு ஒவ்வாது என்று கருதிய கல்வியாளரின் கை பின்னர் ஓங்கிற்று. அவருள் பலர் பெண்களே என்பதை மறைத்தற்கில்லை. அதனால் பல கல்லூரிகளில் வெளியாருடன் போட்டியிடும் வழக்கமே அருகிப்போயிற்று.

விதிவிலக்காக நின்றது ஐயோவா மாநிலம். மக்காச்சோளம் விளையும் அந்நாட்டுப்புறத்தில் சிற்றூர்ப் பள்ளிச் சிறுமியர் அணிக்கு அறுவராக ஆடிய கூடைப்பந்தைக் காண ஊரே திரண்டது. மாநில இறுதிப்போட்டி நாள்களில் தலைநகர் டெமாயின் அரங்கில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். 1968ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் யூனியன்-விட்டன் பள்ளி, கூடுதல் நேரத்தில் 113க்கு 107 என எவர்லி பள்ளியை வென்றது. வென்ற அணியின் டெனிஸ் லாங் என்னும் மாணவியை மறு ஆண்டே சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸ் என்னும் ஆடவர் தொழில்முறை அணி தேர்ந்தெடுத்ததாக அறிவித்தது. லீக் அதனைச் செல்லாது என்று தள்ளிற்று. பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க மக்கள் வரமாட்டார்கள் என்று பிற்காலத்தில் கூறியோர் ஐயோவாவை மறந்து கூறினர் என்றே கொள்ளவேண்டும். அறுவர் ஆட்டம் அங்கே 1993 வரை நடைபெற்றது.

கல்வி நிலையங்களில் ஆண் பெண் வேற்றுமை கூடாது என்னும் சட்டம் 1972இல் அமெரிக்காவில் இயற்றப்பட்டது. கல்லூரி அணிகள் பெருகின. கல்லூரியை முடித்த வீராங்கனை பின் எங்கே ஆடுவது? அதற்கு விடையாக எழுந்தது முதலாவது பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். 1978 டிசம்பர் 9ஆம் நாள் மில்வாக்கி நகரில் சிகாகோ ஹசில் அணியும் மில்வாக்கி டோஸ் அணியும் முதல் ஆட்டத்தை ஆடின. பார்த்தவர் 7,824 பேர். தொடக்கமென்னவோ நன்றாகத்தான் இருந்தது.

ஐயோவாவுக்கும் ஓர் அணி கிடைத்தது. கார்னெட்ஸ் என்பது அதன் பெயர். மாலி போலின் என்னும் வீராங்கனை அவ்வணிக்காக 1980இல் ஒரே ஆட்டத்தில் 55 புள்ளிகள் குவித்தார். அணி இருமுறை இறுதிக்குச் சென்று இருமுறையும் தோற்றது. இரண்டாம் பருவத்தோடு மறைந்தது. மற்ற அணிகளின் நிலையும் அதுவே. சம்பளம் வரவில்லை, காசோலைகள் வங்கியிலிருந்து திரும்பின. மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்ததால் 1980இல் எதிர்பார்த்த விளம்பரமும் கிட்டவில்லை. 1981 மார்ச்சில் மினசோட்டா ஃபில்லீஸ் அணியினர் சிகாகோ அரங்கில் ஆட்டம் தொடங்கும் வேளையில், கொடுபடாத சம்பளத்தை முன்னிட்டுக் களத்தைவிட்டு வெளியேறினர். அனுமதிச் சீட்டு வாங்கி அமர்ந்திருந்தோர் வெறுங்களத்தைப் பார்த்தனர். அவ்வாண்டோடு லீக் முடிந்தது.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்க மகளிர் தங்கம் வென்ற 1996ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக் தொடங்கியது. மறு ஆண்டே ஆடவர் லீக்கான என்.பி.ஏ.யின் ஆதரவோடு டபிள்யு.என்.பி.ஏ. என்னும் மகளிர் லீக்கும் தொடங்கியது. ஒரே காலத்தில் இரண்டு லீக்குகளைத் தாங்கும் வலிமை அந்த ஆட்டத்துக்கு அன்று இல்லை. முன்னது 1998 டிசம்பர் 22ஆம் நாள், மூன்றாம் பருவத்தின் நடுவிலேயே, திவாலானதாக அறிவித்துக் கதவடைத்தது. கிறிஸ்துமசுக்கு மூன்று நாள் இருந்தது. பருவம் முழுமைக்கும் சீட்டு வாங்கியவர் கையில் ஆடப்படாத ஆட்டங்களின் சீட்டுகள் எஞ்சின.

நிலைத்தது டபிள்யு.என்.பி.ஏ. எனினும் அதிலுள்ள அணிகள் நிலைத்தன அல்ல. முதலாண்டில் எட்டு அணிகள் இருந்தன. அவற்றுள் ஹூஸ்டன் காமெட்ஸ் 1997 முதல் 2000 வரை நான்கு பட்டங்களைத் தொடர்ந்து வென்றது. இதைவிடச் சிறந்த அணியை அந்நாளில் காட்டவியலாது. அதே அணி 2008 டிசம்பரில், வாங்குவாரின்றிக் கலைக்கப்பட்டது. 2005இல் பட்டம் வென்ற சாக்ரமென்டோ மொனார்க்ஸ் 2009இல் மறைந்தது. கிளீவ்லாந்து ராக்கர்ஸ் 2003ஆம் ஆண்டுப் பருவத்தோடும், சார்லட் ஸ்டிங் 2007 தொடக்கத்திலும் போயின. 2002 வரை எல்லா அணிகளும் என்.பி.ஏ.யின் கூட்டுடைமையாக இருந்தன. அவ்வாண்டு அணியை அந்தந்த உரிமையாளரே ஏற்று நடத்தட்டும் என்று விதி மாறியது. வேண்டாம் என்றவர் விட்டுவிட்டனர். மயாமியும் போர்ட்லாந்தும் உடனே அணியிழந்தன. யூட்டா அணி சான் அன்டோனியோவுக்கும், ஒர்லாண்டோ அணி கனெக்டிகட்டுக்கும் இடம் பெயர்ந்தன.

ஆகவே இந்த லீக்கில் வெற்றி என்பது ஆயுளுக்கு உறுதியன்று. தோல்வி என்பதும் இரசிகரின் பற்றுக்கு முடிவன்று. இதற்கு வாசிங்டன் மிஸ்டிக்ஸ் அணியைச் சான்றாகக் காட்டலாம். அவ்வணி 1998இல் முதன்முதல் களமிறங்கி 30 ஆட்டங்களில் மூன்றை மட்டும் வென்றது. ஆயினும் சராசரியாக 15,000க்கு மேற்பட்டோர் வந்து பார்த்தனர். லீக்கிலேயே மிகுந்த கூட்டம் அதற்குத்தான். தொங்கவிடப் பட்டக்கொடி இல்லாத அந்நிர்வாகம், அதிகம் பேர் பார்க்க வந்ததையே ஒரு பட்டமாக எண்ணி அரங்கின் கூரையில் கொடி கட்டித் தொங்கவிட்டது. எள்ளி நகையாடியோர் பலர். பின்னாளில் உரிமையாளர் மாறியபோது அக்கொடிகள் இறக்கப்பட்டன. நகைப்புக்கு இடமிருந்தது உண்மையே. ஆனால் ஆடியவரைப் போற்றும் கொடிகள் ஆயிரம் தொங்கும் உலகில், பார்த்தவரைப் போற்றிய கொடி அரிது. மிஸ்டிக்ஸ் தன் முதற் பட்டத்தைப் பெற 2019 வரை, அதாவது 22ஆம் பருவம் வரை, காத்திருந்தது.

அதனினும் நீண்ட காத்திருப்பு நியூயார்க் லிபர்ட்டியினுடையது.

லீக்கின் முதல் ஆட்டத்தை ஆடிய இரு அணிகளுள் லிபர்ட்டி ஒன்று. 1997 ஜூன் 21ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் அணியை 67க்கு 57 என அதன் அரங்கிலேயே வென்றது. சொந்த அரங்கம் மன்ஹாட்டனின் நடுவேயுள்ள மெடிசன் ஸ்குவேர் கார்டன். ஏறத்தாழ 20,000 பேர் அமரத்தக்க புகழ்பெற்ற இடம். தாய்மார் பெண் குழந்தைகளின் கைபிடித்து வந்தனர். முதியவர் வந்தனர். ஒருபாலீர்ப்புப் பெண்கள் பெருந்தொகையாக வந்தனர். தங்கள் கூட்டமே அரங்கை நிறைத்தும் நிர்வாகம் தங்களைக் கண்டும் காணாததுபோல் இருந்ததை எதிர்த்து, 2002 ஆகஸ்டில் அப்பெண்களுள் சிலர் ஆட்டத்தின் இடைநிறுத்த வேளைகளில் வெளிப்படையாக முத்தமிட்டுத் தம் இருப்பை உணர்த்தினர். லீக் இவர்களைத் தன் இரசிகர் என்று வெளிப்படையாக அழைக்கத் தொடங்கியது 2014இல்தான். பதினேழு ஆண்டு சீட்டு வாங்கியவரைப் பெயர் சொல்லி அழைக்கப் பதினேழு ஆண்டு ஆயிற்று.

அணியோ வெற்றியின் வாசற்படி வரை சென்று திரும்பும் அணியாயிற்று. 1997, 1999, 2000, 2002 என நான்கு இறுதிப்போட்டிகள், நான்கிலும் தோல்வி, அவற்றுள் மூன்று ஹூஸ்டனிடம். 1999 செப்டம்பர் 4ஆம் நாள் நடந்ததை நியூயார்க் இரசிகர் மறவார். ஹூஸ்டன் அரங்கில் இரண்டாம் ஆட்டம். 67க்கு 65 என ஹூஸ்டன் முன்னணியில் இருந்தது, எஞ்சியது 2.4 நொடி. கொண்டாட்டத்துக்கென வைத்திருந்த வண்ணக் காகிதத் துணுக்குகள் கூரையிலிருந்து உதிரத் தொடங்கிவிட்டன. பந்தைப் பெற்ற டெரேசா வெதர்ஸ்பூன் களத்தின் நடுக்கோட்டுக்கும் பின்னிருந்து எறிந்தார். பந்து பலகையில் பட்டு வளையத்துள் வீழ்ந்தது. 68க்கு 67. அரங்கு ஊமையாயிற்று. மறுநாளே மூன்றாம் ஆட்டத்தில் ஹூஸ்டன் 59க்கு 47 என வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டது என்பது கதையின் மறுபாதி. ஆனால் லிபர்ட்டியின் இரசிகர் முதற்பாதியை மட்டுமே சொல்வது வழக்கம், அதில் தவறில்லை.

2011 முதல் 2013 வரை மெடிசன் ஸ்குவேர் கார்டன் புதுப்பிக்கப்பட்டது. அம்மூன்று பருவங்களும் அணி ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் ஆடியது. இரசிகரும் ஆற்றைக் கடந்தனர். அது தற்காலிகப் பெயர்ச்சி என்று அவர்கள் அறிந்திருந்தனர், பொறுத்துக்கொண்டனர். 2014இல் டீனா சார்ல்ஸ் அணிக்கு வந்தார். அவர் நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் வளர்ந்தவர். 2012இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருது பெற்றவர். 2016இல் புள்ளி எடுப்பதிலும் பந்தை மீட்டெடுப்பதிலும் லீக்கிலேயே முதலிடம் அவருக்கு. நல்ல காலம் வந்துவிட்டது என்று நம்ப இடமிருந்தது.

2017 நவம்பரில் உரிமையாளர் நிறுவனம் அணியை விற்பனைக்கு வைத்தது. 2018இல் அணியின் 17 சொந்த அரங்க ஆட்டங்களில் 15, மன்ஹாட்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒயிட் பிளெய்ன்ஸ் என்னும் புறநகரின் வெஸ்ட்செஸ்டர் கவுண்டி சென்டருக்கு மாற்றப்பட்டன. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குச் செல்லும் தொலைவினும் சற்று மிகுதி என்று கொள்ளலாம். 1930இல் கட்டப்பட்ட அக்கட்டடத்தில் ஏறத்தாழ 5,000 பேர் அமரலாம். கண்காட்சிகளும் பள்ளிப் போட்டிகளும் நடைபெறும் இடம் அது. உலகின் பெருநகரொன்றின் பெயரைத் தாங்கிய தொழில்முறை அணிக்கு அது இல்லமாயிற்று.

தொலைவைக் கிலோமீட்டரில் அளப்பது போதாது. புரூக்ளினில் குடியிருக்கும் ஒருத்தியின் மாலையை எண்ணிப் பார்க்கவேண்டும். வேலை முடிந்ததும் சுரங்க இரயிலேறி மன்ஹாட்டனிலுள்ள கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு வரவேண்டும். அங்கே வேறு சீட்டு வாங்கி, ஹார்லெம் தடத்துப் புறநகர் இரயிலில் வடக்கே செல்லவேண்டும். இறங்கியபின் அரங்கு வரை நடக்கவேண்டும். ஆட்டம் முடிந்து வந்த வழியே திரும்பினால் வீடு சேர நள்ளிரவாகும். மறுநாள் மீண்டும் வேலை. இவ்வளவும் செய்து காணப்போவது பெரும்பாலும் தோல்வியே. 2018இல் லிபர்ட்டி வென்றவை 7; தோற்றவை 27. 2019இல் வென்றவை 10, தோற்றவை 24. முன்னர்ச் சராசரியாகப் பதினாயிரம் பேரை எட்டிய கூட்டம் மூவாயிரத்துக்கும் கீழே இறங்கிற்று.

மூவாயிரத்துக்கும் கீழ் என்று ஏடுகள் எழுதின. வராமற்போனவரைக் காட்டும் எண் அது. அவரைக் குறை கூறுதலும் முறையன்று; குழந்தையோடு செல்ல முடியாதவர், கால் நோவுள்ள முதியவர், இரவுப்பணி செய்வோர் எல்லாரும் அன்பிருந்தும் வரவியலாதவரே. அணியை நகரிலிருந்து அகற்றியோர் கூட்டம் குறைந்ததைக் கண்டு, பார்த்தீர்களா, பெண்கள் ஆட்டத்துக்கு ஆளில்லை என்று கூறுவதற்கு அவ்வெண்ணே சான்றாகவும் அமைந்துவிட்டது. கிணற்றைத் தூர்த்துவிட்டு இந்நாட்டார்க்குத் தாகமில்லை என்பது போன்ற வாதம் இது.

ஆனால் வந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் யாவர்? அவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பெரிய அரங்கில் முகமறியாது இருந்தவர், சிறிய அரங்கில் அடுத்த வரிசையாரின் பெயரறிந்தவராயினர். அணி நாளை விற்கப்படுமா, வேறு மாநிலம் போகுமா, ஹூஸ்டனைப்போல் கலைக்கப்படுமா என்பது எவர்க்கும் தெரியாது. அந்நிலையில் சீட்டு வாங்குவது இன்பத்துக்கான செலவு மட்டுமன்று. அணி இன்னும் இருக்கின்றது என்று நாளும் பதிவு செய்வது போன்ற செயல் அது.

2019 சனவரியில் ஜோசப் சாய், கிளாரா வூ சாய் இணையர் அணியை வாங்கினர். ஆடவர் அணியான புரூக்ளின் நெட்சும் அதன் அரங்கமான பார்க்லேஸ் சென்டரும் பின்னர் முழுமையாக அவர்கள் கைக்கு வந்தன. லிபர்ட்டி 2020இல் அவ்வரங்கில் ஆடும் என்று அறிவிக்கப்பட்டது. கல்லூரி ஆட்டத்தில் பெரும்புகழ் பெற்ற சப்ரீனா அயனெஸ்க்கு முதல் தேர்வாக அணிக்குக் கிடைத்தார். டீனா சார்ல்ஸ் வாசிங்டனுக்குச் சென்றுவிட்டார். இருண்ட ஆண்டுகளில் அணியைச் சுமந்தவர் விடிவைக் காண அங்கில்லை. அவ்வேளையில் பெருந்தொற்று வந்தது. எல்லா ஆட்டங்களும் ஃபுளோரிடாவின் பிரேடன்டனில் பார்வையாளரின்றி நடைபெற்றன. அயனெஸ்க்கு மூன்றாம் ஆட்டத்திலேயே கணுக்காலில் அடிபட்டு விலகினார். ஏழு புதுமுகங்களோடு களமிறங்கிய லிபர்ட்டி 22 ஆட்டங்களில் இரண்டே வென்றது. அணியின் வரலாற்றில் மிகத் தாழ்ந்த பருவம் அது. எத்தனையோ தோல்விகளுக்கு உடனிருந்த இரசிகர்க்கு அந்தத் தோல்விக்கு மட்டும் உடனிருக்க வழியில்லை.

புரூக்ளினில் 2021இல் கதவு திறந்தது. யானை வடிவில் எல்லி என்னும் சின்னமும் அவ்வாண்டு அணிக்கு வந்தது. 1884ஆம் ஆண்டு மே மாதம், புதிதாகக் கட்டப்பட்ட புரூக்ளின் பாலத்தின் உறுதியை மக்கள் நம்புமாறு வட்டரங்கு முதலாளி பார்னம் 21 யானைகளை அதன்மேல் நடத்திச் சென்றார்; அந்த நிகழ்ச்சியின் நினைவு அது. தாங்குமா என்று ஐயுற்ற பாலத்தின் நினைவை, தாங்குமா என்று ஐயுற்ற அணி எடுத்துக்கொண்டது பொருத்தமே. அவ்வாண்டு 12 வென்று 20 தோற்றும் அடுத்த சுற்றுக்குள் நுழைந்து, பீனிக்சிடம் ஒரே புள்ளியில் தோற்றது. வீராங்கனையர் விமானப் பயணத்தில் படும் இன்னலைக் குறைக்க அணி நிர்வாகம் அப்பருவத்தில் தனி விமானம் அமர்த்தியது. மற்ற அணிகளுக்கில்லாத வசதி விதிக்கு மாறானது என்று லீக் 500,000 டாலர் தண்டம் விதித்தது. 2024இல் லீக்கே எல்லா அணிகளுக்கும் தனி விமானம் ஏற்பாடு செய்தது.

பிரியானா ஸ்டூவர்ட், ஜான்குவல் ஜோன்ஸ் முதலியோர் 2023இல் அணியில் சேர்ந்தனர். ஐந்தாம் முறையாக இறுதிப்போட்டி. லாஸ் வேகாஸ் ஏசஸ் அணி, புரூக்ளின் அரங்கிலேயே, 70க்கு 69 என வென்று பட்டத்தைக் கொண்டு சென்றது. ஒரு புள்ளி! 26 ஆண்டுகள் காத்தவர்க்கு அந்த ஒரு புள்ளியின் எடை தெரியும்.

மறு ஆண்டும் இறுதிக்கு வந்தது லிபர்ட்டி. மினசோட்டா லிங்க்சோடு ஐந்து ஆட்டங்கள். முதலாட்டத்தில் 18 புள்ளி முன்னணியிலிருந்தும் கூடுதல் நேரத்தில் தோற்றது. பழைய இரசிகர்க்கு அது பழகிய நோய். 2024 அக்டோபர் 20ஆம் நாள் ஐந்தாம் ஆட்டம் புரூக்ளினில் நடந்தது. வந்தவர் 18,090 பேர். அயனெஸ்க்கு 19 முறை எறிந்து ஒருமுறையே கூடைக்குள் போட்டார். இறுதி நொடிகளில் ஸ்டூவர்ட்டுக்குக் கிடைத்த இரு தனி எறிகளால் ஆட்டம் 60க்கு 60 எனச் சமனாயிற்று. அதற்கு வழிவிட்ட நடுவர் தீர்ப்பை மினசோட்டாவின் பயிற்றுநர் கடுமையாகச் சாடினார். கூடுதல் நேரத்தில் 67க்கு 62. லிபர்ட்டி 28ஆம் பருவத்தில் தன் முதற் பட்டத்தைப் பெற்றது. முதலாண்டில் தோன்றி அன்றுவரை நிலைத்திருந்த அணிகளுள் பட்டமே காணாதிருந்தது அஃதொன்றுதான். நான்கு நாள் கழித்து மன்ஹாட்டனின் தென்முனைத் தெருவில், காகிதத் துணுக்குகள் பொழிய, ஊர்வலம் சென்றது. இம்முறை காகிதங்கள் உரிய நேரத்தில் உதிர்ந்தன.

இரசிகர்தாம் லிபர்ட்டியைக் காத்தனர் என்று முடிவு கட்டிவிடலாமா? அது மிகைக்கூற்றாகும். அணியைக் காத்தது வாங்குவோரின் பணம். ஹூஸ்டன் இரசிகரின் அன்பு நியூயார்க் இரசிகரின் அன்பினும் குறைந்ததன்று. அங்கே வாங்குவார் இல்லை, அவ்வளவே. 18,090 இருக்கைகளில் ஒயிட் பிளெய்ன்ஸ் சென்றவர் எத்தனை பேர், புதிதாக வந்தவர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தவர் இல்லை. வெற்றிக்குப்பின் சீட்டின் விலை ஏற, பழையவருள் சிலர் மேல்மாடத்துக்குத் தள்ளப்படுவதும் விளையாட்டுலகில் நடப்பதே. ஆயினும் ஒன்றைக் கருதவேண்டும். வெஸ்ட்செஸ்டர் அரங்கில் இரண்டாயிரம் பேர் இல்லாது இருநூறு பேர் இருந்திருப்பின், விற்பனைக்கு வைத்த அந்த அணியில் வாங்குதற்கு என்ன இருந்திருக்கும்? தோல்விப் பட்டியலும் சில பழைய சட்டைகளும் அன்றி வேறென்ன?

போர்ட்லாந்து நகரத்தார் இருமுறை அணியிழந்தவர்கள். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் போர்ட்லாந்து பவர் 1998இல் லீக்கோடு மறைந்தது. டபிள்யு.என்.பி.ஏ.யின் போர்ட்லாந்து ஃபயர் 2000இல் தோன்றி, மூன்று பருவம் ஆடி, 2002இல் கலைந்தது. 2024 செப்டம்பரில் அந்நகருக்கு மீண்டும் அணி வழங்கப்படும் என்று லீக் அறிவித்தது. என்ன பெயர் சூட்டுவது என்னும் கேள்விக்கு 2025 ஜூலையில் வந்த விடை, பழைய ஃபயர் என்பதே. கிளீவ்லாந்தில் ராக்கர்சின் கடைசி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் சற்றுப் பொறுக்கவேண்டும். அங்கே 2028இல் ஆட்டம் தொடங்கும் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டுள்ளது.